பங்கு வியாபாரிக்குக் கூட்டாளியும் கருவியும்

பங்கு வியாபாரம் என்றாலே சூதாட்டம் என்று கூறி ஒதுக்கிவிடுவோர் நம்மவருள் அநேகர். அவ்வபிப்பிராயத்தை நாம் முற்றும் ஒப்புக்கொள்வதற்கில்லை. கைத்தொழில் வளர முதல் வேண்டும். முதல் போட்டவன் தனக்கு அவசியம் நேரும்பொழுது அதனைத் திரும்பப் பெறுதற்கு ஒரு சந்தை வேண்டும். அச்சந்தையில் நாள்தோறும் வாங்கவும் விற்கவும் ஆயத்தமாய் நிற்போர் சிலரும் வேண்டும். அன்னோரே பங்கு வியாபாரத்தை ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு இன்றியமையாதவை இரண்டு: நம்பத்தக்க கூட்டாளி ஒன்று, நல்ல கருவி மற்றொன்று. இவ்விரண்டும் பணம் படைத்த சிலருக்கு மட்டும் எளிதிற் கிட்டி, மற்றையோருக்கு எட்டாதிருக்குமாயின், சந்தையின் நியாயமே கெட்டுப்போகும் என்பது நம் கருத்து.

பழைய நிலைமையை முதலில் நோக்குவோம். பம்பாயில் 1850-களில் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியிற் கூடிய சில தரகர்களே நம் நாட்டுப் பங்குச் சந்தைக்கு வித்திட்டவர்கள். 1875-இல் அவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தபொழுது அங்கத்தினர் 318 பேர். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். ஒருவர் முகமும் ஒருவர் நாணயமும் மற்றொருவருக்குத் தெரியும். வாய்ச்சொல்லே பத்திரம். குரலும், கைச்சாடையும், சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகமுமே கருவி.

ஆனால், அவ்வட்டத்திற்கு வெளியே இருந்தவன் கதி யாது? மதுரையிலோ சேலத்திலோ இருந்த வியாபாரி உள்ளூர் உபதரகரிடம் சொல்ல வேண்டும். அவர் நகரத்துத் தரகருக்குச் சொல்ல வேண்டும். தரகர் கூடத்தினுள் நின்று கூவ வேண்டும். பங்கு உண்மையில் என்ன விலைக்குக் கைமாறிற்று என்பதை வெளியூரான் கண்ணாற் கண்டதில்லை. சொன்ன விலையே விலை. நல்ல கூட்டாளி வாய்த்தவன் பிழைத்தான், வாய்க்காதவன் அழிந்தான்.

1994 நவம்பரில் தேசீயப் பங்குச் சந்தை பங்குப் பேரங்களைத் தொடங்கியபொழுது இந்நிலை மாறிற்று. கூவுங்கூடம் போய்த் திரை வந்தது. செயற்கைக்கோள் வழியாக, ஒரே விலை ஒரே நேரத்தில் தேசமெங்கும் தெரிந்தது. பம்பாய்ச் சந்தையும் 1995-இல் திரைக்கு மாறிற்று. 1996-இல் வந்த சட்டம் காகிதப் பங்குகளுக்கு மாறாகக் கணக்கிலேயே பங்குகளை வைத்துக்கொள்ள வழி செய்தது. ஒரு கருவி, ஒரு தலைமுறையின் குறையை நீக்கிற்று என்று இதனைக் கூறலாம். அதே கருவியின் முன் நிற்க மாட்டாமல், 1920-இல் தோன்றி, நலிந்து, 1937-இல் மீண்டும் உயிர்பெற்ற சென்னைப் பங்குச் சந்தை 2015-இல் விடைபெற்றது. கோயம்புத்தூர்ச் சந்தை அதற்கு முன்னரே மறைந்தது.

திரை அளித்த சமத்துவம் நெடுநாள் நிலைத்ததா? இல்லை என்றே வருத்தத்துடன் கூற வேண்டியிருக்கிறது. இன்று பெரிய ஸ்தாபனங்கள், சந்தையின் கணினிகள் இருக்கும் இடத்திலேயே தம் கணினிகளையும் கட்டணம் செலுத்தி நிறுத்திக்கொள்கின்றன. ஆல்கோ எனப்படும் தானியங்கு முறையால், மனிதன் கண்ணிமைக்குமுன் அவை பல பேரங்களை முடித்துவிடுகின்றன. சிறு வியாபாரியோ கைப்பேசித் திரையை விரலால் தொட்டுக்கொண்டிருக்கிறான்.

இதன் விளைவைப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி ஸ்தாபனமே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில் காணலாம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், முன்பேர, ஆப்ஷன் பேரங்களில் இறங்கிய தனிநபர்களுள் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். தலைக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்த நஷ்டம் 1,80,000 கோடிக்கு மேல். அப்பேரங்களில் 2023-24 ஆம் ஆண்டில், செலவுகளை நீக்குமுன், சொந்த முதலைக் கொண்டு பேரம் செய்யும் ஸ்தாபனங்கள் பெற்ற லாபம் 33,000 கோடி. அந்நிய முதலீட்டு ஸ்தாபனங்கள் பெற்றது 28,000 கோடி. இவ்விரு சாராரின் லாபத்திலும் 100-க்கு 96 பங்குக்குக் குறையாமல் தானியங்கு முறையால் வந்ததாம். நஷ்டம் முழுவதும் கருவியின்மையால் விளைந்தது என்று நாம் சொல்லவில்லை. பேராசையும் அவசரமும் பெருங் காரணங்களே. எனினும், வாளேந்தியவனோடு வெறுங்கையன் போர் புரிவதை நியாயமான போட்டி என்று எவரும் கூறார்.

இனி, கூட்டாளி விஷயம். தரகரும் ஒரு கூட்டாளியே. 2019-இல் ஒரு பெரிய தரகு ஸ்தாபனம் வாடிக்கைக்காரர்களின் பங்குகளைத் தன் கடனுக்கு ஈடாக வைத்த செய்தி தேசத்தையே திடுக்கிடச் செய்தது. பின்னர், 2020 செப்டம்பர் முதல், ஈடு வைத்த பங்குகளும் உரியவர் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. விதி காக்கும், ஆயினும் விழிப்பே முதற் காப்பு. தன் கணக்கின் இரகசியச் சொல்லை நண்பனுக்குங் கொடுப்பது வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இருவர் மூவர் சேர்ந்து முதல் திரட்டி வியாபாரம் செய்ய எண்ணுவோர் 1932-ஆம் ஆண்டுக் கூட்டு வியாபாரச் சட்டத்தை ஒருமுறையேனும் படிக்க வேண்டும். உடன்படிக்கை இல்லாவிடில் லாப நஷ்டம் சமபாகம். முதல் அதிகம் போட்டவன் பின்னர் வாதாடிப் பயனில்லை. ஒரு பங்காளி வியாபாரத்தின் பொருட்டுப் பட்ட கடனுக்கு மற்றவனுடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். பதிவு செய்யாத கூட்டு, ஒப்பந்தத்தின் பேரில் வெளியாரின் மீது வழக்குத் தொடுக்க இயலாது. இச்சங்கடங்களைக் கருதியே 2008-இல் பொறுப்பு வரையறுத்த கூட்டு நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த நாட்டில், காபி ஹோட்டல் மேஜையில் வாய்ப்பேச்சாக லட்சங்களைக் கூட்டுச் சேர்ப்பது நமக்கு அழகாகுமா?

கருவி விற்போரும் இன்று கூட்டாளிகளாகவே வருகின்றனர். மாதம் இவ்வளவு லாபம் நிச்சயம் என்பதே அவர்களுட் பலரது பேச்சு. லாபம் நிச்சயமானால், அக்கருவியை அவர் நமக்கு விற்பானேன்? 2025 பிப்ரவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை இவ்விஷயத்தில் நல்லதொரு வழியைக் காட்டுகிறது. தானியங்கு முறைகள் சந்தையிற் பதிவாகி, தமக்குரிய அடையாளக் குறியோடு இயங்க வேண்டும். அவற்றை அளிப்பவர் தரகரின் ஏஜெண்டு; பொறுப்பு தரகருடையது. உள்ளே நடப்பதை வெளிக்காட்டாத முறைகளை அளிப்போர் ஆராய்ச்சியாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவ்விதிகளைச் சிறு வியாபாரி தன் கவசமாகக் கொள்ளலாம்.

ஆயினும், தடுப்பது மட்டும் போதாது, கொடுப்பதும் வேண்டும். பழைய விலை விவரங்களைச் சந்தைகள் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்க வேண்டும். ஒரு முறையைப் பணம் போடுமுன் சோதித்துப் பார்க்கும் வசதியை அச்சந்தைகளே ஏற்படுத்த வேண்டும். ஒப்பந்தங்களும் எச்சரிக்கைகளும் தெளிந்த தமிழில் வர வேண்டும். ஊர்தோறும் பங்கு வியாபாரிகள் சங்கம் அமைத்து, தனியே வாங்க இயலாத கருவிகளைப் பொதுவில் வாங்கி, மோசக்காரரைப் பற்றிய செய்தியை ஒருவருக்கொருவர் உடனே அறிவித்தல் வேண்டும். 318 பேர் ஒரு மரத்தடியிலிருந்து ஒரு சங்கத்தை உண்டாக்கக் கூடுமாயின், நம் நகரங்களில் உள்ளவர்களுக்கு அஃது ஏன் கூடாது?

பொதுஜன ஊழியர்கள் இதனைப் பணக்காரர் விவகாரம் என்று புறக்கணித்தல் ஆகாது. நஷ்டப்பட்ட லட்சோபலட்சம் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. கருவி ஒருசாராருக்கும் நஷ்டம் மறுசாராருக்கும் என்னும் பாகப்பிரிவினை நீடிக்கலாகாது. சர்க்காரும் சந்தைகளும் இதனை உடனே கவனிப்பார்களாக. வியாபாரிகளும் பிறர் வரும்வரை காத்திராது இன்றே ஒன்றுகூடுவார்களாக.