சிடி டிரைவுக்குள் ஒரு முட்டை வடிவ வெளிச்சம்

சிடி டிரைவுக்குள் லேசர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த லேசரிலிருந்து வரும் வெளிச்சம் வந்தபடியே எதற்கும் உதவாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. அதைச் சீராக்கி ஒரு சின்னப் புள்ளியாகக் குவிப்பதில்தான் டிரைவின் சாமர்த்தியம் இருக்கிறது. இது நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் கிடையாது. பழைய கல்யாண சிடியைப் பார்க்க யூஎஸ்பி டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறோம். அது படிக்காவிட்டால் "சிடி போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தவறு பல சமயம் சிடியில் இருப்பதில்லை.

டிரைவில் இருப்பது லேசர் டயோடு. கடுகைவிடச் சிறிய செமிகண்டக்டர் துண்டு. அதன் ஓரத்தில் உள்ள இடுக்கு வழியாகத்தான் வெளிச்சம் வருகிறது. இடுக்கின் அகலம் சில மைக்ரான், உயரம் ஏறக்குறைய 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெளிச்சம் எவ்வளவு குறுகலான வழியில் வருகிறதோ, வெளியே வந்ததும் அவ்வளவு அதிகமாக விரியும். ஆகவே பக்கவாட்டில் 10 டிகிரி விரிந்தால் மேலும் கீழும் 30 டிகிரி அளவுக்கு விரிகிறது. கிடைப்பது வட்டம் அல்ல, நிற்க வைத்த முட்டை.

படிக்க மட்டும் செய்யும் டிரைவில் இதற்குச் சுலபமான வழி உண்டு. முட்டையின் நடுப்பகுதியை மட்டும் லென்ஸ் எடுத்துக்கொள்ளும், மீதி வீண். ரைட்டரில் இப்படிச் செய்ய முடியாது. சிடியில் பூசிய சாயத்தைச் சூடாக்கிப் பதிய வேண்டும், வெளிச்சத்தை வீணாக்கினால் கட்டுப்படியாகாது. அதனால் சில ரைட்டர்களில் சாய்வாக வைத்த பிரிசம் ஒன்று முட்டையை ஒரு பக்கம் மட்டும் இழுத்து வட்டமாக்குகிறது.

அடுத்தது குவிக்கும் லென்ஸ். லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பாகக் குவிக்கிறது என்பதை நியூமெரிக்கல் அப்பர்ச்சர் என்ற எண்ணால் சொல்வார்கள். வெளிச்சத்தின் அலைநீளத்தை இந்த எண்ணால் வகுத்தால் புள்ளியின் அளவு தோராயமாகக் கிடைக்கும். 1982-ல் விற்பனைக்கு வந்த சிடிக்கு 780 நானோமீட்டர், 0.45, புள்ளி சுமார் 1.7 மைக்ரான். 1996-ல் வந்த டிவிடிக்கு 650, 0.6, புள்ளி 1.1 மைக்ரான். 2006-ல் வந்த புளூ-ரேக்கு 405, 0.85, புள்ளி அரை மைக்ரானுக்கும் குறைவு. 700 எம்பி 4.7 ஜிபியாகி, பிறகு 25 ஜிபியானதற்குப் பெரிய காரணம் புள்ளி சிறுத்ததுதான்.

அந்தக் கூம்பு இன்னொரு உதவியும் செய்கிறது. சிடியின் தகவல் அடிப்பரப்பில் இல்லை, 1.2 மிமீ பிளாஸ்டிக்கைத் தாண்டி மேலே லேபிளுக்குக் கீழே இருக்கிறது. அடிப்பரப்பில் நுழையும்போது வெளிச்சம் முக்கால் மிமீ அகலத்துக்குப் பரந்திருக்கும். அங்கே ஒரு தலைமுடி கிடந்தாலும் கொஞ்சம்தான் மறையும். லேபிள் பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் நேராகத் தகவலையே கீறுகிறீர்கள். அந்தப் பக்கத்துக்குத்தான் அதிக மரியாதை தர வேண்டும்! துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், அது தகவல் பாதையோடு சேர்ந்தே ஓடும்.

சுழலும் சிடி லேசாக ஏறி இறங்கும். புள்ளி சிதறாமல் லென்ஸும் கூடவே ஏறி இறங்க வேண்டும். எப்படித் தெரிந்துகொள்கிறது? எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. திரும்பி வரும் வெளிச்சத்தை உருளை வடிவ லென்ஸ் வழியாக, நான்காகப் பிரித்த சென்ஸார் மேல் விழவைக்கிறார்கள். தூரம் சரியாக இருந்தால் வட்டம் விழும். சிடி நெருங்கினால் முட்டை ஒரு பக்கம் சாயும், விலகினால் மறுபக்கம் சாயும். அதைப் பார்த்து ஒரு காயில் லென்ஸை நகர்த்துகிறது. முதலில் தொல்லை கொடுத்த முட்டையை இங்கே வேண்டுமென்றே உண்டாக்கி வேலை வாங்குகிறார்கள்.

போன வருடம் என் பெரியப்பா ஒரு பை நிறைய சிடிக்களோடு வந்தார். "டிவிடி எல்லாம் ஓடுதுப்பா, சிடி ஒண்ணுகூட ஓடல. எல்லாம் பாழாயிடுச்சு போல." நான் சந்தேகப்பட்டது டிரைவைத்தான். டிவிடி டிரைவில் டிவிடிக்கு ஒரு அலைநீளம், சிடிக்கு ஒரு அலைநீளம் என்று இரண்டு லேசர்கள் உண்டு. ஒன்று பலவீனமானாலும் மற்றது ஒழுங்காக ஓடும். நண்பரின் டிரைவில் போட்டதும் இரண்டைத் தவிர எல்லா சிடியும் ஓடின. அக்கா கல்யாணம் ஓடியதில் இருந்தது. அன்றே ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து கொடுத்தேன். உங்கள் டிரைவிலும் ஒரு வகை மட்டும் படிக்காவிட்டால் முதலில் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. மூடியிருக்கும் வரை டிரைவ் பாதுகாப்பானது, 'கிளாஸ் 1' என்ற லேபிள் சொல்வது அதைத்தான். திறந்து வைத்து மின்சாரம் கொடுக்காதீர்கள். சிடி லேசர் அகச்சிவப்பு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, எனவே கண் தானாக மூடிக்கொள்ளாது. டிவிடி ரைட்டரின் லேசர் நூறு மில்லிவாட்டைத் தாண்டக்கூடும். சாதாரண லேசர் பாயிண்டர் 5 மில்லிவாட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பழைய ரைட்டரிலிருந்து டயோடைக் கழற்றி 'பவர்ஃபுல் பாயிண்டர்' செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து உங்கள் பையன் ஸ்குரூ டிரைவரைத் தேடினால், ரைட்டரை எடுத்துப் பூட்டி வையுங்கள்.