காசநோயும் பரம்பரையும்

1929 டிசம்பரில் ஜெர்மனியின் லூபெக் நகரில் பச்சிளங்குழந்தைகளுக்கு வாய்வழியாக பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஆய்வகத்தில் நேர்ந்த தவறால் அதில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்திருந்தது. மருந்து குடித்த 251 குழந்தைகளில் 72 பேர் காசநோயால் இறந்தனர். நோயைக் குணப்படுத்தும் மருந்தே இல்லாத அந்தக் காலத்திலும் மற்றவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். உள்ளே போன கிருமியின் அளவு கூடக்குறைய இருந்தது முக்கியக் காரணம். ஆனால் ஏறக்குறைய ஒரே அளவு போன குழந்தைகளிலும் சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை.

இன்றும் உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது. அவர்களில் நோயாளி ஆகிறவர்கள் 5 முதல் 10 சதவீதம்தான். ஏன்?

மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் கிருமியை மேக்ரோபேஜ் என்னும் செல்கள் விழுங்குகின்றன. ஆனால் விழுங்கப்பட்ட பிறகும் அது உயிரோடிருந்து பெருகும். அதைக் கொல்லும் வலு மேக்ரோபேஜுக்கு வர, வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா வேண்டும். அதைச் சுரக்கச் சொல்லும் உத்தரவுகளில் ஒன்று இன்டர்லூகின்-23. அந்த உத்தரவைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களில் ஒன்று டைக்-2.

இந்தப் புரதத்தின் 1104-ஆம் இடத்தில் வழக்கமாக இருப்பது புரோலின் என்னும் அமினோ அமிலம். மரபணுத் திரிபால் சிலருக்கு அங்கே அலனின் வந்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தத் திரிபு வந்தால் உத்தரவு சரியாகப் போய்ச் சேராது. இன்டர்ஃபெரான் காமா குறையும். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 600 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். 2018-இல் வெளியான ஆய்வு, இவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இங்கேயும் 1991-இல் மதுரை ஆய்வாளர்கள், எச்.எல்.ஏ. டிஆர்2 என்னும் மரபு வகை நுரையீரல் காசநோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள்.

அதற்காகக் காசநோயைத் தலையெழுத்து என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான திரிபுகள் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டுகின்றன. பசி, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், எச்.ஐ.வி. ஆகியவையும் எதிர்ப்பாற்றலைக் குலைக்கின்றன. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் சத்துணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நோய் வந்தால் ‘அது அவங்க குடும்ப வியாதி’ என்று ஒதுக்கிவைத்து, பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குகிறோம். அந்த இருவரும் ஒரே அறைக் காற்றைச் சுவாசித்தவர்கள், ஒரே அரைவயிற்றுச் சோற்றைப் பகிர்ந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது வீட்டார் அனைவருக்கும் பரிசோதனை, நல்ல சாப்பாடு, ஆறு மாதம் விடாமல் மாத்திரை.