பாம்புத் தெய்வத்தின் ஆட்டம்

மானிடவியல் ஆய்வுக்காக 1935இல் கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பினார் நடனக் கலைஞருமான அமெரிக்கக் கறுப்பின மாணவி கேத்தரின் டன்ஹாம். ஹைட்டியில் வெறுமனே குறிப்பெடுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. வோடூ சமயத்தில் தீட்சையே பெற்றுக்கொண்டார்.

அங்கே பாம்புத் தெய்வமான தம்பாலாவுக்கு ஆடும் ஆட்டம் யான்வாலு. முழங்கால் மடங்கும், உடல் முன்னே சாயும், முதுகுத்தண்டு அலையலையாய் நெளியும். பாலேயோ முதுகை விறைப்பாய் நிமிர்த்தச் சொல்வது! இரண்டையும் ஒரே உடம்பில் பழக்கினார் டன்ஹாம். அதுதான் டன்ஹாம் நடன முறை. நியூயார்க்கில் அவர் நடத்திய நடனப் பள்ளியில் மார்லன் பிராண்டோகூடப் படித்திருக்கிறார்.

ஹைட்டிப் பாசம் மேடையோடு நிற்கவில்லை. அந்நாட்டு அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியதைக் கண்டித்து 1992இல், தமது 82ஆம் வயதில், 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார்.