முப்பது ஆம்பியரில் முறைப்பாசனம்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “டெக்சாஸில் இருக்கும் என் மகன் ஆர்வி வாங்கப்போகிறான். காஸ் ஓவன் எதற்கு, மைக்ரோவேவும் கன்வெக்‌ஷனும் சேர்ந்த பெட்டி பொருத்தித் தருகிறோம், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், சமையல் பாதி நேரத்தில் முடியும் என்கிறாராம் விற்பவர். நம்பலாமா?”

ஆர்வி என்பது கட்டில், கழிப்பறை, சமையலறை எல்லாம் உள்ளடங்கிய வண்டி. சில தானே ஓடும். சிலவற்றைப் பெரிய வண்டியின் பின்னால் கோத்து இழுத்துப் போக வேண்டும். போகிற இடத்தில் ஆர்வி பார்க் என்று ஒரு தங்குமிடம் இருக்கும். அங்கே கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம்.

விற்பவர் சொன்னதில் சீக்கிரம் வேகும் என்பது மெய். பாதி நேரம் என்பது சமைக்கும் பண்டத்தைப் பொறுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் என்பது பெரும்பாலும் பொய். ஒரே நேரத்தில் ஓடாத இரண்டு அடுப்புகள் எப்படிச் சேர்ந்து சீக்கிரம் சமைக்கின்றன என்பதுதான் இதில் ருசியான சங்கதி.

முதலில் மின்கணக்கு. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். சாதாரண பிளக் 15 ஆம்பியர் தாங்கும். பெருக்கினால் 1,800 வாட். நீண்ட நேரம் ஓடும் கருவியானால் அதிலும் 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 1,440 வாட். இனி பெட்டியைப் பாருங்கள். விளம்பரத்தில் 1,000 வாட் என்று போட்டிருக்கும் மைக்ரோவேவ், அந்த 1,000 வாட்டை உணவுக்குள் செலுத்தச் சுவரிலிருந்து ஏறத்தாழ 1,500 வாட் உறிஞ்சும். கன்வெக்‌ஷனின் கம்பிச்சுருளும், அதாவது விசிறி வீசும் காற்றைச் சூடாக்கும் சுருளும், கிட்டத்தட்ட அதே அளவு கேட்கும். இரண்டையும் சேர்த்து ஓட்ட 3,000 வாட் வேண்டும். அந்த பிளக்கில் அவ்வளவு இல்லை.

ஆகவே பெட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை சில நொடி கம்பிச்சுருளுக்குக் கொடுக்கிறது, சில நொடி மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரானுக்குக் கொடுக்கிறது. விசிறி மட்டும் இடைவிடாமல் சுழல்கிறது. சில இயந்திரங்களில் ‘லோ மிக்ஸ்’, ‘ஹை மிக்ஸ்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். லோ என்றால் மைக்ரோவேவ் பத்து சதவீத அளவில், ஹை என்றால் முப்பது. ஆளுக்குப் பாதிகூட இல்லை. மிச்ச நேரம் வீணாகவில்லை, சூடான காற்றின் பங்குக்குப் போகிறது.

முப்பது சதவீதம் அற்பமாகத் தெரிகிறதா? ஒன்றரைக் கிலோ முழுக் கோழியை வையுங்கள். அதன் தோலின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 200 டிகிரி காற்று விசிறியால் வீசப்பட்டு அந்தத் தோலுக்குத் தரும் வெப்பம், என் தோராயக் கணக்கில், 250 முதல் 300 வாட். கம்பிச்சுருள் எரிக்கும் மிச்சமெல்லாம் சுவரைச் சூடாக்கவும் காற்றோட்டத் துளை வழியே வெளியேறவும் போகிறது. மைக்ரோவேவின் முப்பது சதவீதம் எவ்வளவு? 1,000 வாட்டில் 300. அதாவது அற்பமாகத் தெரியும் அந்தப் பங்கு, கோழிக்குப் போய்ச் சேரும் வெப்பத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது!

ஆனால் விட்டு விட்டுக் கொடுத்தால் கோழி விட்டு விட்டா வேகும்? இல்லை. உணவு மகா மந்தமான பொருள். பெரும்பாலும் தண்ணீராலான ஒரு பண்டத்தில் வெப்பம் ஒரு சென்டிமீட்டர் ஊடுருவப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு சென்டிமீட்டர் போக இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். வெளியே நொடிக்கணக்கில் நடக்கும் மாற்றம் உள்ளே இருக்கும் சதைக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவது சராசரி மட்டுமே.

காவிரிப் பாசனத்திலும் வைகைப் பாசனத்திலும் முறைத் தண்ணீர் விடுவது இதே தந்திரந்தான். ஒரு வாய்க்கால், இரண்டு வயல். மூன்று நாள் இந்த மடை திறந்திருக்கும், மூன்று நாள் அந்த மடை. மூடியிருக்கும் நாட்களில் பயிர் வாடுவதில்லை, மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கோழியின் சதை அந்த மண். கட்டுப்பாட்டுப் பலகை மடை திருப்பும் நீர்பாய்ச்சி. இன்னும் இழுக்கலாம். முழு வண்டியும் ஒரு வாய்க்காலில் நிற்கும் ஆயக்கட்டு. அதில் ஏசி கரும்பு மாதிரி, எவ்வளவு விட்டாலும் குடிக்கும். தண்ணீர் சூடாக்கும் கருவி வாழைத்தோட்டம். பேட்டரி சார்ஜர் ஓரத்து அகத்திக்கீரை. ஆர்வி பார்க்கின் கடைசி வரிசையில் நிறுத்தியவர் கடைமடை விவசாயி. முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் மத்தியானம் ஏசி போட்டால் அவருக்கு 120 வோல்ட் வராது. 104 வோல்ட் வந்தால் கம்பிச்சுருளின் சூடு வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து முக்கால் பங்காகிவிடும். கேக் உப்பவில்லை என்று செய்முறைப் புத்தகத்தைத் திட்டுவார். இதற்கு மேல் உவமையை நீட்டினால் உடையும். கடைமடையில் தண்ணீர் குறைந்தால் பயிர்தான் வாடும், வோல்ட் குறைந்தால் ஏசியின் கம்ப்ரசர் கருகிப்போகும். அதனால்தான் பல வண்டிகளில் 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தொடர்பையே துண்டிக்கும் காவல் கருவி வைக்கிறார்கள்.

வண்டியின் வாய்க்கால் எவ்வளவு பெரியது என்பதுதான் மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஆர்விகளில் பெரும்பாலும் இரண்டு வகை மின் இணைப்புகள் உண்டு. 30 ஆம்பியர் வண்டிக்கு மொத்தமே 3,600 வாட். நம்மூரில் கீசர் மாட்டும் 16 ஆம்பியர் பிளக் ஒன்றில், 230 வோல்ட்டில், இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும்! 50 ஆம்பியர் வண்டி வேறு சாதி. அதற்கு 120 வோல்ட் கம்பிகள் இரண்டு தனித்தனியாக வருவதால் 12,000 வாட் வரை கிடைக்கும். 30 ஆம்பியர் வண்டியில் ஏசி 12, 13 ஆம்பியர் எடுக்கிறது. கன்வெக்‌ஷன் அதே அளவு எடுக்கிறது. கூடவே தண்ணீர் சூடாக்கியையும் போட்டால் டிரிப் ஆகும். ஆகஸ்ட் மாத டெக்சாஸில் ஏசியை அணைத்துவிட்டுக் கோழி சுடுவதா, கோழியை விட்டுவிட்டு ஏசியில் உட்காருவதா என்பதை அறிவியல் தீர்மானிக்காது.

மைக்ரோவேவ் மட்டும் போதாதா, ஏன் சூடான காற்றும் வேண்டும்? மைக்ரோவேவ் “உள்ளிருந்து வேகவைக்கிறது” என்று இன்னும் எழுதுகிறார்கள். ஈரமான உணவில் அது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் போகும். அதன் உண்மையான பலவீனம் மேற்பரப்பில் இருக்கிறது. பெட்டிக்குள் காற்று குளிர்ந்தே இருக்கிறது. உள்ளிருந்து கிளம்பும் நீராவி மேலே வந்து படிகிறது. ஈரம் இருக்கும்வரை மேல்தோல் நீரின் கொதிநிலையைத் தாண்டாது. பொன்னிறமும் மணமும் வர 140 டிகிரியாவது வேண்டும். விசிறி அந்த ஈரப்படலத்தைத் துடைத்து எறிகிறது, தோல் காய்கிறது, பிறகு சிவக்கிறது. ரொட்டி, கேக், பிஸ்கட் செய்ய விரும்பினால் கன்வெக்‌ஷன் மட்டும் போதும், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டும் கூட்டுமுறை வேண்டாம். தடித்த கறி, உருளைக்கிழங்கு, சுட்ட காய்கறி என்றால் கூட்டுமுறைக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

இப்போது எல்லாப் பெட்டியிலும் ‘ஏர் ஃபிரையர்’ என்று ஒட்டுகிறார்கள். உள்ளே பார்த்தால் அதே சுருள், அதே விசிறி சற்று வேகமாக, கூடவே ஓட்டைபோட்ட ஒரு தட்டு. அந்தத் தட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் விருப்பம்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. மேக்னட்ரான் போர்க்கருவி. 1940-இல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் ரேடாருக்காக அதை வலுவாக்கினார்கள். போர் முடிகிற வேளையில் ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கண்டு அடுப்பை நினைத்தார் என்பார்கள். எல்லாக் கண்டுபிடிப்புக்கும் இப்படியொரு மிட்டாய் கிடைத்துவிடுகிறது. 1947-இல் விற்பனைக்கு வந்த அவர்களின் முதல் அடுப்பு ஆள் உயரம் இருந்தது, முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. 1967-இல் அமானா நிறுவனம் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கி 495 டாலருக்கு விற்றது. போதும்.

பூன்டாக்கிங் என்று ஆர்விக்காரர்கள் சொல்வது, கம்பமே இல்லாத காட்டிலும் பாலைவனத்திலும் போய் வண்டியை நிறுத்துவது. மகனுக்கு அதில் ஆசை இருந்தால் கணக்கு தலைகீழாகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 1.2 யூனிட் மின்சாரம். மைக்ரோவேவில் ஐந்து நிமிடம் சூடுபடுத்தினால் அதில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும். முக்கால் மணி நேரம் கன்வெக்‌ஷன் ஓட்டினால், தெர்மோஸ்டாட் இடையிடையே அணைத்தாலும், பேட்டரி பாதிக்கு மேல் காலியாகும். அந்த நேரத்தில் பேட்டரிக் கம்பியில் ஓடுவது 130 ஆம்பியர். கட்டைவிரல் பருமனில் கம்பி வேண்டும்.

பேட்டரி மின்சாரத்தை 120 வோல்ட்டாக மாற்றித்தரும் இன்வெர்ட்டரிலும் ஒரு பொறி இருக்கிறது. மலிவான இன்வெர்ட்டர் தரும் மின் அலை தட்டையான படிக்கட்டாக இருக்கும். மைக்ரோவேவின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் அலையின் உச்சியைப் பிடித்து இரட்டிப்பாக்கித்தான் மேக்னட்ரானுக்குத் தேவையான பல ஆயிரம் வோல்ட்டை உண்டாக்குகின்றன. நல்ல சைன் அலைக்கு உச்சி 170 வோல்ட். தட்டை அலைக்கு அந்த உச்சியே இல்லை. பெட்டி உறுமும், தட்டு சுற்றும், சாதம் மட்டும் சரியாகச் சூடாகாது. தூய சைன் அலை இன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்கிறோம் என்பவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்று ஓர் ஆர்வி பார்க் இருக்கிறது. கரடி நடமாட்டத்தால் துணிச்சுவர் வண்டிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. உயரம் 2,300 மீட்டருக்கு மேல். தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும், மைக்ரோவேவில் வைத்தாலும் அதே கதைதான். அங்கே கம்பத்தில் மின்சாரம் உண்டு. அதே உயரத்தில் மின்சாரம் இல்லாத இடத்தில் நிறுத்தினால்? காற்று மெலிந்துபோவதால் ஆயிரம் அடிக்கு 3.5 சதவீதம் வீதம் இன்ஜின் வலுவிழக்கும். சமவெளியில் 1,800 வாட் தந்த சின்ன ஜெனரேட்டர் அங்கே ஏறத்தாழ 1,300 வாட்தான் தரும். 1,500 வாட் கேட்கும் பெட்டியை மாட்டினால் இன்ஜின் திணறி நின்றுவிடும்.

இங்கே காஸ் ஓவனுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. ஆர்வி காஸ் ஓவன்கள் சிறியவை, அடியில் மட்டும் தீ எரிவதால் ரொட்டியின் அடி கருகும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் ஒன்பது கிலோ புரொபேன் சிலிண்டரில் அடைந்திருக்கும் ஆற்றல், மேலே சொன்ன லித்தியம் பேட்டரி கிட்டத்தட்ட நூறுக்குச் சமம். பார்க்குகளில் மட்டும் தங்குபவர் கூட்டுப் பெட்டியை வாங்கலாம். காட்டில் தங்கி ரொட்டி சுட நினைப்பவர் காஸ் ஓவனைக் கழற்றவிடக் கூடாது.

வாங்குவதென்று முடிவானால், கதவில் ஒட்டியிருக்கும் கவர்ச்சி எண்களை விட்டுவிட்டுப் பின்பக்கத் தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்கச் சொல்லுங்கள். உட்கொள்ளளவு எத்தனை கன அடி என்பதும் ஏமாற்று எண்தான். சுழலும் தட்டின் விட்டத்துக்கு மேல் பாத்திரம் சுற்றாது, மூலைகள் வெறும் காற்று. வீட்டு மேசையில் வைக்கும் கன்வெக்‌ஷன் பெட்டியை வாங்கிவந்து மர அலமாரிக்குள் திணிக்கும் சிக்கனக்காரர்கள் உண்டு. அதன் வெளிச்சுவர் சூடாகும், சுற்றிலும் காற்று போக இடம் வேண்டும். அலமாரிக்குள் வைக்கவென்றே செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். வண்டி கிளம்புமுன் கண்ணாடித் தட்டைத் துணியில் சுற்றி எடுத்து வைப்பது ஆர்விக்காரர்கள் எல்லாரும் செய்வது. பலர் செய்யத் தவறுவது, சமையல் முடிந்ததும் பெட்டியின் விசிறி சில நிமிடம் தானாக ஓடுமே, அதை ஓடவிடுவது. மேக்னட்ரானையும் மின்பலகையையும் குளிர்விக்கத்தான் அது ஓடுகிறது. கோழி வெந்துவிட்டது, கிளம்பலாம் என்று உடனே கம்பத்து மின்கம்பியை உருவினால், 200 டிகிரி சூடு முழுதும் அந்தப் பலகைமேல் போய் உட்காரும்.