உங்கள் கடையை கூகுளுக்கு அறிமுகப்படுத்திவிட்டீர்களா?

மதுரையில் ஆரி ஒர்க் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை. பெயர் 'மல்லிகை' என்று வைத்துக்கொள்வோம். வெப்சைட்டில் போட்டோக்கள், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கின்றன. படிக்கிற நமக்கு இது தையல் கடை என்று சட்டெனப் புரிந்துவிடும். ஆனால், தேடுபொறிக்கு? 'மதுரை', 'மல்லிகை' என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தால், இது பூக்கடையா, பூவைப் பற்றிய கட்டுரையா, துணிக்கடையா என்று அது ஊகித்துத்தான் ஆகவேண்டும்.

அந்த ஊகத்துக்கு வேலை வைக்காமல், 'இது கடையின் பெயர், இது முகவரி, இது திறந்திருக்கும் நேரம்' என்று ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டிக் கொடுப்பதுதான் 'ஸ்ட்ரக்சர்டு டேட்டா'. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை என்று பிரித்து வைப்பதுபோலத்தான்!

எல்லோருக்கும் ஒரே அகராதி

இந்த லேபிள்களுக்கான பொது அகராதியின் பெயர் 'ஸ்கீமா டாட் ஆர்க்'. 2011 ஜூனில் கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து இதைத் தொடங்கின. அதே ஆண்டில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் இணைந்துகொண்டது. போட்டியாளர்களே ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட அகராதி என்பதால், ஒருமுறை எழுதினால் எல்லாத் தேடுபொறிகளுக்கும் புரியும்.

இதை எழுத 'ஜேசன்-எல்டி' என்ற முறையை கூகுள் பரிந்துரைக்கிறது. பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. உள்ளே இருக்கும் ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான்.

என்னென்ன எழுத வேண்டும்?

* கடையின் வகை: 'லோக்கல் பிசினஸ்' என்று பொதுவாகச் சொல்வதைவிட பேக்கரி, பல் மருத்துவமனை, துணிக்கடை என்று குறிப்பாகச் சொல்வது நல்லது. அகராதியில் இதற்கெல்லாம் தனித்தனி பெயர்கள் உண்டு.
* பெயர், முகவரி: கூகுளைப் பொறுத்தவரை இவை இரண்டும் கட்டாயம். பெயர்ப் பலகையிலும் வெப்சைட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.
* போன் நம்பர்: முன்னால் +91 சேர்த்து எழுதுங்கள்.
* நேரம்: 24 மணிக் கணக்கில் எழுத வேண்டும். இரவு 9 என்றால் 21:00.
* பொருள் விற்பவர்கள்: விலை, ரூபாயா டாலரா, ஸ்டாக் இருக்கிறதா என்பதையும் சேர்க்கலாம். தேடல் முடிவிலேயே விலை தெரிய வாய்ப்புண்டு.

கோடிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற பிளக்-இன்கள் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். வேறொருவர் வெப்சைட் செய்து கொடுத்திருந்தால், "ஸ்கீமா போட்டிருக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நீங்களே சோதிக்கலாம்

கூகுளின் 'ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்' இலவசம். மொபைலிலேயே திறந்து, உங்கள் வெப்சைட் முகவரியைக் கொடுத்தால் போதும். எது சரி, எங்கே பிழை என்று காட்டிவிடும். அதன் பிறகு 'சர்ச் கன்சோல்' என்ற இன்னோர் இலவச சேவையில் பதிவு செய்துகொண்டால், பின்னாளில் வரும் பிழைகளும் தெரியும்.

ஏமாறாதீர்கள்... ஏமாற்றாதீர்கள்!

"ஸ்கீமா போட்டு உங்களை கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டு வருகிறேன். இத்தனை ஆயிரம் ஆகும்" என்று யாராவது போனில் பேசினால் உஷாராகிவிடுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. லேபிள் சரியாக இருந்தாலும் நட்சத்திரம், விலை எல்லாம் கட்டாயம் காட்டப்படும் என்ற உறுதியும் கிடையாது. உங்கள் கடையைச் சரியாகப் புரிந்துகொள்ள வழி செய்வது மட்டுமே இதன் வேலை.

சொந்தக் கடைக்கு சொந்த வெப்சைட்டிலேயே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. கடைகளுக்கான அப்படிப்பட்ட நட்சத்திரங்களைக் காட்டுவதை 2019 செப்டம்பரிலேயே கூகுள் நிறுத்திவிட்டது. கேள்வி-பதில் பகுதியை விரித்துக் காட்டும் வசதியையும் 2023 ஆகஸ்டில் அரசு, சுகாதாரத் தளங்களோடு சுருக்கிக்கொண்டது. பழைய யோசனைகளை இன்னும் விற்பவர்கள் உண்டு, கவனம்!

பக்கத்தில் இல்லாத தகவலை லேபிளில் மட்டும் ஒளித்து எழுதுவதும் விதிமீறல். பிடிபட்டால் விலை, நட்சத்திரம் போன்ற கூடுதல் விவரங்களோடு தோன்றும் தகுதியே போய்விடும்.

மறக்கக் கூடாத ஒன்று

எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. கடை நேரம் மாறினாலோ, இடம் மாறினாலோ, வெப்சைட், அதன் லேபிள், கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஆகிய மூன்றிலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். 'திறந்திருக்கிறது' என்று நம்பி கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வருபவர், பூட்டிய ஷட்டரைப் பார்த்தால் மறுபடி வருவாரா?