முகம் பார்க்கும் கருவி, அகம் பார்க்கும் ஆண்டவர்

2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் 'டிஜி யாத்ரா' தொடங்கப்பட்டது. கேமரா பயணியின் முக அமைப்பை எண்களாக மாற்றி, அவர் முன்பே பதிவுசெய்த படத்தோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் கதவு திறக்கும்.

ஆனால் கருவியும் தவறும். பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை அதிகமாக ஆள்மாற்றிக் காட்டுவதை அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 2019-இல் கண்டறிந்தது. மனிதரின் தனித்தன்மையை வெறும் தரவுகளாகச் சுருக்கக் கூடாது என்று, 2024 உலக அமைதி நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார்.

எலியாபின் தோற்றத்தைக் கண்டு இறைவாக்கினர் சாமுவேலே ஏமாந்தார். ஆண்டவரோ ஆடு மேய்த்த தாவீதின் உள்ளத்தைப் பார்த்தார். கதவு திறக்காமல் நிற்பவரைச் சந்தேகத்தோடு நோக்காமல், சகோதரராக, சகோதரியாகக் காண்போம். மனித மாண்பு எந்தக் கருவியின் அளவுக்கும் அடங்காது.