சீனு பார்த்தது மூன்றாம் பிறையா, நாலாம் பிறையா?

"ஏண்டீம்மா, அது எப்படி கொஞ்சங்கூட ஞாபகம் வராமப் போகும்? அந்தப் பொண்ணு மனசு என்ன கல்லா?"

பக்கத்து வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். தொலைக்காட்சியில் 'மூன்றாம் பிறை' அப்போதுதான் முடிந்திருந்தது. படம் வந்தது 1982 பிப்ரவரியில். நாற்பது வருஷம் தாண்டியாச்சு. ஆனாலும் அந்த ரயில் நிலையக் காட்சி வந்துவிட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போக மனசு வருவதில்லை!

கதை உங்களுக்குத் தெரியாததல்ல. கார் விபத்தில் தலையில் அடிபட்டு, பழசெல்லாம் மறந்து, குழந்தையாகிவிடுகிற இளம்பெண். பாவிகள் கையில் சிக்கித் தகாத இடத்தில் கிடந்தவளை மீட்டு, தான் வாத்தியாராக வேலை பார்க்கும் கேத்திக்கு அழைத்து வருகிறான் சீனு. சோறு ஊட்டுகிறான், தலை வாரிவிடுகிறான், நாய்க்குட்டி சுப்பிரமணியோடு விளையாடவிடுகிறான். கடைசியில் வைத்தியர் ஒருவரின் சிகிச்சையில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. சீனுவோடு இருந்த நாட்கள் மட்டும் துடைத்த சிலேட்டாகிவிடுகின்றன. ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, காயத்தோடு மழையில் நின்றுகொண்டு குரங்கு மாதிரி குட்டிக்கரணம் போடுகிறவன் யாரோ பைத்தியக்காரனாகத் தெரிகிறான். ரயில் போய்விடுகிறது.

கமலஹாசனுக்கு முதல் தேசிய விருதை வாங்கித் தந்த படம். இயக்கியதோடு ஒளிப்பதிவும் செய்த பாலுமகேந்திராவுக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. குழந்தையாகவே மாறிப்போன ஸ்ரீதேவியை எந்த விருதுக் கணக்கில் சேர்ப்பது? இளையராஜா இசையில் ஒலிக்கும் அந்தத் தாலாட்டுதான் கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. 1981 அக்டோபரில் அவர் போய்விட்டார். படத்தைப் பார்க்க அவர் இல்லை.

மாமியின் கேள்விக்கு வருகிறேன்.

சினிமா மறதியும் நிஜ மறதியும்

தலையில் பலமாக அடிபட்டால் ஞாபகம் தவறுவது நிஜம்தான். ஆனால் பெரும்பாலும் தொலைவது விபத்தை ஒட்டிய சமயம். அடிபடுவதற்குச் சற்று முன்னால் நடந்ததும், அதற்கப்புறம் சில மணி நேரமோ சில நாளோ நடந்ததும் மனசில் நிற்காது. சின்ன வயசு ஞாபகங்கள் வேரோடிய மரம் மாதிரி, எளிதில் சாயாது. நேற்று நட்ட நாற்றுதான் முதலில் போகும்.

வளர்ந்த பெண் பேச்சிலும் நடையிலும் முழுக்கக் குழந்தையாகிவிடுவது சினிமாவுக்காகக் கூட்டிச் சொன்னது. 'இன்னொரு அடி விழுந்தால் எல்லாம் திரும்பிவிடும்' என்று மற்ற படங்களில் காட்டுகிறார்களே, அது சுத்தப் பொய்! இன்னொரு அடி இன்னும் கெடுதல்தான் செய்யும்.

ஆனால் மாமி நம்ப மாட்டேன் என்கிற விஷயத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மூளை குழம்பிக் கிடக்கும் நாட்களில், நடப்பது எதையும் அது சரியாக எழுதி வைத்துக்கொள்வதில்லை. பேசுவார்கள், சிரிப்பார்கள், சாப்பிடுவார்கள். தெளிந்த பிறகு கேட்டால் அந்த நாட்களே இருக்காது. எழுதாத நோட்டில் எதைத் தேடுவது? அதில் கல்மனசு எங்கே வந்தது?

வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டால், "ரத்தம் வரலையே, ஒண்ணுமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஓயாத தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், கேட்டதையே மறுபடி மறுபடி கேட்பது, வலிப்பு - இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் நமக்கும் ஹெல்மெட் வேண்டும். தலையில் வைத்த பூ கசங்கினால் நாளைக்கு வேறு பூ வாங்கிக்கொள்ளலாம்.

நம் வீட்டுச் சீனுக்கள்

இதையெல்லாம் மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, என் மனசு வேறெங்கோ போய்விட்டது.

என் மாமியாருக்குக் கடைசி நாலு வருஷம் ஞாபகம் போய்விட்டது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். அப்புறம் தெருவை மறந்தார். அப்புறம் என்னை. குளிப்பாட்டி, தலை துவட்டி, புடவை கட்டிவிடுவேன். "ரொம்ப நன்றிம்மா, உங்க வீடு எங்கே இருக்கு?" என்பார்.

ஒருநாள் என் கொழுந்தனார் ஊரிலிருந்து வந்திருந்தார். என் காதில் விழவே கேட்டார்: "யாருப்பா அந்தப் பொண்ணு? நல்லாத்தான் சமைக்கிறா. சம்பளம் என்ன கேக்கிறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொல்லைப்புறம் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். கேத்தி ரயில் நிலையம் நம் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது, சகோதரிகளே!

ஆரம்பத்திலேயே "வயசாச்சுன்னா மறதி வரத்தானே செய்யும்" என்று நாங்கள் இருந்துவிட்டோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மன அழுத்தம், சில மாத்திரைகள் - இவற்றாலும் மறதி வரும். கவனித்தால் குணமாகவோ குறையவோ வழி உண்டு. அல்ஸைமர் போன்ற நோயென்றால் முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் நோயாளிக்கும் நமக்கும் பாரம் குறையும்.

அனுபவத்தில் இன்னும் சில கற்றேன். "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்கக்கூடாது, பாவம், பயந்துபோகிறார்கள். "நான்தான் உங்க மருமக, காபி கொண்டு வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். பழைய பாட்டுப் போட்டால் முகம் மலரும். முக்கியமாக, பார்த்துக்கொள்கிறவளுக்கும் வாரத்தில் ஒருநாளாவது ஓய்வு வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம்.

பிறை மறைந்த பிறகு

மூன்றாம் பிறையைப் பார்ப்பது விசேஷம் என்பார்கள் பெரியவர்கள். மேற்கே மெல்லிசாகத் தோன்றிக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். நாலாம் பிறை பார்த்தாலோ நாய் படாத பாடு! சீனு பார்த்தது எது?

மாமியார் போவதற்குச் சில நாள் முன்பு, எனக்கு லேசான ஜுரம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு படுத்திருந்தேன். நடுராத்திரியில் என் நெற்றியில் ஒரு கை. "நீ சாப்பிட்டியாம்மா?" என்றார். கூடவே தலைப்பு முடிச்சை அவிழ்த்து, பாதி கடித்த பிஸ்கட் ஒன்றை நீட்டினார். என் பெயர் அவருக்குத் தெரியாது. நான் யாரென்றும் தெரியாது. ஆனால் இவள் நமக்கு வேண்டியவள் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

பெயரும் முகமும் போன பிறகும், அன்பாக நடத்தப்பட்ட உணர்வு மனசில் கொஞ்ச காலம் தங்கும் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள்.

இதை மாமியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ அந்தப் பொண்ணும் ஊர் போய்ச் சேர்ந்து என்னிக்காவது ஒரு நாய்க்குட்டியைப் பார்த்தா, ஏன்னு தெரியாமலே கண் கலங்கியிருப்பாளோ?" என்றாள்.

இருக்கலாம் மாமி. எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பிடித்திருக்கிறது.